வாய் திறக்காத ஜாயின்

ரெண்டு கோப்பை ஒரு பொதுப் புலத்தை, அதாவது ரெண்டிலும் இருக்கும் ஒரு நெடுவரிசையை, வைத்து இணைக்க இவ்வளவு பாடா? லினக்ஸில் அதைச் செய்யும் ஜாயின் கட்டளைக்கு ரெண்டுமே அந்தப் புலத்தின்படி சார்ட் ஆகி, அதாவது வரிசைப்படுத்தப்பட்டு, இருக்கணும். அதுவும் எழுத்து வரிசையில்: 10 முதலில், 9 பிறகு! சார்ட் கட்டளையில் எண் வரிசைக்கான மைனஸ் என் போட்டால் போச்சு. எழுத்து வரிசையைத் தீர்மானிக்கும் மொழி அமைப்பான லொக்கேல் மாறினாலும் போச்சு. ஜோடி சேராத வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். மைனஸ் ஏ 1 கொடுத்தால்தான் முதல் கோப்பின் வரிகள் தப்பும். அப்படித் தப்பிய வரியில் இல்லாத புலங்களை நிரப்ப மைனஸ் ஈ போட்டால், எந்தெந்தப் புலம் வேண்டும் என்று சொல்லும் மைனஸ் ஓ துணையில்லாமல் அது அசையாது. ஏன்?

எல்லாவற்றையும் விடக் கொடுமை, விண்டோஸிலிருந்து வந்த கோப்பு. வரிக்கு வரி கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கேரியேஜ் ரிட்டர்ன் என்ற வரிமுடிவு எழுத்து. பொதுப் புலம் அந்தக் கடைசியிலேயே இருந்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. திரையில் ஒரு எழுத்து வராது, எச்சரிக்கை வராது, வெளியேறும் குறியீடு 0, அதாவது எல்லாம் சரி என்கிறது. எங்கே போய்த் தேடுவது?