அந்த விமானம் 6,000 அடி விழவில்லை

2024 மே 21-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், மியான்மர் மேலே "காற்றே இல்லாத பள்ளத்தில் மாட்டி 6,000 அடி கீழே விழுந்தது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. தவறு.

முதலில், வெற்றிடம் என்று வானத்தில் எதுவும் கிடையாது. அங்கே இருந்தது மேலும் கீழுமாகப் புரளும் காற்று.

அடுத்து அந்த 6,000 அடி. கறுப்புப் பெட்டிப் பதிவுகளை ஆராய்ந்த சிங்கப்பூர் விசாரணையாளர்களின் கணக்குப்படி, விமானம் இறங்கியது 178 அடி. அவ்வளவுதானா என்கிறீர்களா? சரி, அடியை விடுங்கள், வேகத்தைப் பாருங்கள். செங்குத்து முடுக்கம் வெறும் 0.6 நொடியில் +1.35 ஜியிலிருந்து -1.5 ஜிக்கு மாறியது (தரையில் நாம் உணரும் வழக்கமான எடை 1 ஜி; மைனஸ் என்றால் உடல் இருக்கையிலிருந்து மேலே தூக்கப்படும்). பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோத அதுவே போதும். ஒருவர் இறந்தார்.

பறப்புப் பாதை காட்டும் இணையதள வரைபடங்களில் இந்த 0.6 நொடி கண்ணில் படாது. அவற்றில் பெரிதாகத் தெரியும் 37,000 – 31,000 அடிச் சரிவு வேறு கதை. குலுக்கல் நடந்து ஏறத்தாழ 17 நிமிடம் கழித்து, பாங்காக்குக்குத் திருப்பும்போது விமானிகளே நிதானமாக இறக்கியது அது.