தயார்தான், போன் எங்கே?

(குடியாத்தம். கீழ்வீட்டில் தறி ஓடுகிறது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வும் செய்கிற சித்தப்பா, பி.எஸ்சி. படிக்கும் தேவி.)

சித்தப்பா: மொபைல் வழியாகக் கற்க நீ எந்த அளவு தயார்?

தேவி: ரொம்பத் தயார் சித்தப்பா. 8 ஜிபி ராம் போதும், கலர் உங்கள் இஷ்டம்.

சித்தப்பா: யார் போன் வாங்கித் தருகிறேன் என்றது? இது என் ஆய்வுக்கான கேள்வி. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்.

தேவி: ஐந்து. எல்லாக் கேள்விக்கும் ஐந்து. வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் போட்டோம், குறைத்தால் காரணம் டைப் பண்ணச் சொல்கிறது.

சித்தப்பா: உண்மையைச் சொல்லம்மா!

தேவி: போன் எனக்கும் தம்பிக்கும் ஒன்றுதான். சிக்னல் மாடித் தண்ணீர்த் தொட்டி மேல்தான் வரும், மே மாத வெயிலில் நீங்கள் ஏறிப் பாருங்கள். அப்புறம் நோட்ஸ் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும், எல்லாப் பக்கத்திலும் மூன்றாம் வரி மேல் சாரின் கட்டைவிரல்.

சித்தப்பா: டேட்டாவுக்கு என்ன குறை? 2021-ல் அரசே ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி கொடுத்ததே?

தேவி: அக்காவுக்குக் கொடுத்தார்கள். அவள் பாடம் பார்ப்பதற்குள் பாட்டி சீரியல் பார்த்து முடித்துவிடுவாள்.

சித்தப்பா: மத்திய அரசின் இணையப் பாடத் தளம் ஸ்வயம் இருக்கிறதே, அதில் பாடம் இலவசம்தானே?

தேவி: பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம். அந்தத் தேர்வையும் மையத்துக்குப் பஸ் பிடித்துப் போய்த்தான் எழுத வேண்டும். நம் நோட்ஸ் மட்டும் என்ன, யூனிட் டெஸ்டில் மூன்றாம் வரியை விட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

சித்தப்பா: கட்டைவிரலை விடு! இந்த ஃபார்மை நீயே ஒழுங்காக நிரப்பக் கூடாதா? க்யூஆர் நோட்டீஸ் போர்டில்தானே ஒட்டியிருக்கிறது?

தேவி: அதற்குப் பக்கத்திலேயே 'வளாகத்தில் போன் எடுத்தால் 500 ரூபாய் அபராதம்' என்றும் ஒட்டியிருக்கிறது. ஸ்கேன் பண்ணுவதற்கு எவ்வளவு தயார் என்று கேட்டால் ஒன்று போடுவேன். எங்களை இவ்வளவு கேட்கிறீர்களே, நடத்துகிறவர்கள் தயாரா என்று எத்தனையாவது கேள்வி?

சித்தப்பா: அந்தக் கேள்வி இதில் இல்லை. 'மற்றவை' என்று ஒரு கட்டம் உண்டு, ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

தேவி: கட்டைவிரல்.