துரோகி என்று எழுதினால் தமிழ் வளருமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பக்கம் தமிழ் வகுப்புக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கைகளைப் படித்தாலே எரிச்சல் வருகிறது. ‘தாய்மொழி சாகிறது’, ‘பிள்ளைக்குத் தமிழ் தராதவர் துரோகி’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். வகுப்பு என்றைக்கு, யார் சொல்லித் தருகிறார், கட்டணம் எவ்வளவு? ஒரு வரி கிடையாது! 1860இல் மதராசிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வம்சம்தான் இங்குள்ள தமிழர்கள். பள்ளியில் தமிழே கிடைக்காமல் வளர்ந்த தாய்மாரைத் துரோகி என்பதா? கேட்பவரை இணங்க வைக்க என்ன வேண்டும் என்று சொன்ன அரிஸ்டாட்டில்கூட உணர்ச்சியோடு, பேசுபவரின் நம்பகத்தையும் வாதத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். இங்கே உணர்ச்சி மட்டும்தான். குற்ற உணர்வில் ஒரு வாரம் வருவார்கள், அப்புறம் தலைகாட்ட மாட்டார்கள். ‘சனிக்கிழமை காலை, எழுத்தே தெரியாதவர்களும் வரலாம்’ என்று எழுதுங்களேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கே வந்து உட்காருவார்.