அந்த அம்மாக்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

மருத்துவ முகாமுக்கு வந்த வயதான அம்மாக்களை ஒரு நர்ஸ் உடற்பயிற்சி செய்யவைத்த வீடியோ எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றிவிட்டது, முழுக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. அதற்கு வைத்த "பாட்டிங்க டான்ஸ்" என்ற தலைப்பையும், கீழே வரிசையாக வந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்த நர்ஸ் செய்தது சரி. சுகர், பிரஷர் பார்க்க வந்த பெரியவர்களை நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னது முழுக்கச் சரி. மாத்திரையைக் கையில் கொடுத்து, "தினமும் நடங்க" என்று போகிற போக்கில் சொன்னால் யார் நடப்பார்கள்? வரிசையில் காத்திருக்கும்போது, உடம்பைப் பற்றிய கவலை மனசில் இருக்கும்போதே செய்து காட்ட வேண்டும்.

"காலம் பூரா கொல்லையில உழைச்ச உடம்புக்கு எக்சர்சைஸ் எதுக்கு?" என்று வீடியோவுக்குக் கீழே எழுதுகிறீர்கள். என் அப்பாவும் உழைத்தவர்தான். ராகி, அவரை, மாடு என்று ஓயாமல் இருந்தவர். மாட்டை விற்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும், "உழைச்சது போதும், உட்காருங்க" என்றார்கள். பாசத்தில் சொன்னதுதான். அவரும் திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் கட்டிலை விட்டு எழவே யாராவது கை கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் பாத்ரூமில் விழுந்தார். முகாம் தவறாமல் போனவர்தான். போன இடத்திலெல்லாம் மாத்திரை கிடைத்தது. "எழுந்து நில்லுங்க பார்ப்போம்" என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்றைக்கு உழைத்த பலம் அப்படியே தங்கிவிடாது. வேலையை விட்டால் தசை கரையும். தசை வேலை செய்தால்தான் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் இதுதான்: 65 வயது தாண்டியவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், விழாமல் இருக்க 3 நாளாவது பலத்துக்கும் சமநிலைக்குமான பயிற்சி வேண்டும். அவ்வளவு முடியாதவர்கள் முடிந்ததைச் செய்தாலும் பலன் உண்டு. 100 நாள் வேலைக்குப் போகிறார்களே என்றால், போகிறவர்களுக்குச் சரி. போக முடியாதவர்களுக்கு?

மூட்டுவலிக்காரர்களைச் சிரமப்படுத்தலாமா என்கிறார்கள் சிலர். தொடைத் தசை பலமாகட்டும், வலி குறையும் என்றுதான் டாக்டர்களே பயிற்சி சொல்லித் தருகிறார்கள். நெஞ்சுவலி, மயக்கம் இருப்பவர்களை டாக்டர் பார்த்த பிறகே செய்யச் சொல்ல வேண்டும், சரி. அந்த நர்ஸ் அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார், வீடியோவிலேயே கேட்கிறது.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. அந்த மண்ணில் இருந்துகொண்டா இதற்குச் சிரிப்பது?

நடக்க இடமில்லை என்று சிலர் எழுதியது நியாயம். மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் 2023-இல் வந்தது. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமத்துப் பாட்டி நடப்பதற்காக பஸ் ஏறி வருவாரா? ஊருக்குள் நடந்தால் லாரி, நாய். ஆனால் இடமில்லை என்று எழுதிய ஒருவர்கூட அந்தச் சிரிப்பைக் கண்டிக்கவில்லையே!

நாலு பேர் முன்னால் கையைத் தூக்கவே கூசுகிற அம்மாக்கள் அவர்கள். வெட்கத்தை விட்டு எழுந்தார்கள். இனி அடுத்த முகாமுக்கு வருவார்களா? வீட்டுப் பெரியவர் செருப்பை மாட்டினாலே "எங்க கிளம்பிட்டீங்க" என்று தடுக்கிறோம். விழுந்துவிட்டால், "பார்த்துப் போகக்கூடாதா" என்று அவரையே திட்டுகிறோம்.

நம்ம ஊர்ப் பள்ளி மைதானத்தைக் காலை 6 மணிக்குப் பெரியவர்களுக்காகத் திறந்துவிடச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.