உயரமான தொட்டிக்கு மூன்று தட்டு மீன் எதற்கு?

உயரமான தொட்டியில் செடி வைத்து மீன் வளர்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போதும், உடனே ஒரு யோசனை வந்து விழும். மேல்தட்டில் நீந்த ஒரு வகை, நடுத்தட்டுக்கு ஒரு வகை, அடியில் மேய ஒரு வகை என்று மூன்றையும் வாங்கிப் போடு, தொட்டியும் நிறைவாக இருக்கும், ஒன்றுக்கொன்று தொந்தரவும் இருக்காது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. மீன்கள் ஆளுக்கொரு மாடியில் வாடகைக்குக் குடியிருப்பதுபோல நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஒரு மீனை "மேல்தட்டு மீன்" என்று சொன்னால், அது பெரும்பாலும் அங்கே இரை தேடும் என்று மட்டும்தான் பொருள். மற்ற இடத்துக்குப் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியில் 54 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதையே நிமிர்த்தி வைத்ததுபோல 30-க்கு 30 அடிப்பரப்பும் 60 உயரமும் உள்ள தொட்டியிலும் அதே 54 லிட்டர்தான். ஆனால் நீரின் மேற்பரப்பு 1800 சதுர செ.மீ.யிலிருந்து 900-க்கு வந்துவிடுகிறது. ஆக்சிஜன் உள்ளே போவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருவதும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான். தரைப்பரப்பும் பாதி, மீன் நேராக நீந்தக் கிடைக்கும் தூரமும் பாதி. லிட்டரை வைத்து மீன் எண்ணுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மூன்று தட்டிலும் மீன் போட்டாலும் மூச்சுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பரப்புதான்.

செடி இருந்தால் ஆக்சிஜனுக்குக் குறைவில்லையே என்று கேட்கலாம். விளக்கு எரியும்வரை சரி. விளக்கு அணைந்ததும் செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கும். அதனால் அடர்த்தியாகச் செடி வைத்த தொட்டியில் ஆக்சிஜன் மிகவும் குறைவாக இருப்பது விடியற்காலையில்தான். அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். தண்ணீருக்கு மேல் எண்ணெய்ப் படலம்போல மெல்லிய ஏடு படிந்திருக்கும், அதற்கு அடியில் டெட்ரா என்ற சின்னக் கூட்ட மீன்கள் வாயை மேலே தூக்கியபடி நின்றுகொண்டிருக்கும். விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல நீந்தும். மீன் வியாதி என்று மருந்து தேடுவதற்கு முன், இரவில் ஏர் பம்ப்பை ஓடவிட்டுப் பாருங்கள். அல்லது ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பிவிடுங்கள்.

அடுத்து, உயரம் யாருக்கு வேண்டும்? பெரும்பாலான மீன்களுக்கு வேண்டாம் என்பதுதான் உண்மை. வரிக்குதிரை டேனியோ இரண்டு அங்குல மீன்தான், ஆனால் ஓடி விளையாட நீளம் கேட்கும். டெனிசன் பார்ப் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடும் ஆறுகளிலிருந்து வந்தது. கூட்டமாகவே இருக்கும், 15 செ.மீ. வரை வளரும். உயரத் தொட்டியில் அது இரண்டு வாலாட்டலில் அடுத்த கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும். ரெயின்போ மீன்களும் அப்படித்தான். இவையெல்லாம் நல்ல மீன்கள், வேறு தொட்டிக்கு.

உயரத்தை உண்மையிலேயே பயன்படுத்தும் மீன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏஞ்சல் மீன். அமேசான் படுகையில் மெதுவாக ஓடும் தண்ணீரில், மூழ்கிய வேர்களுக்கும் கிளைகளுக்கும் நடுவே வாழ்கிற மீன் அது. தட்டையான உடம்பு அந்த இடுக்குகளில் நுழைவதற்கு. உடம்பில் இருக்கும் கறுப்புப் பட்டைகள் வேர்களின் நிழலோடு கலந்துவிடுவதற்கு. வளர்ந்தபின் நீளம் 15 செ.மீ. என்றால், மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனிவரை 20 செ.மீ.க்கு மேல் இருக்கும். கடையில் நாம் பார்ப்பது காசு அளவுக் குஞ்சு, அதனால் இது யாருக்கும் உறைப்பதில்லை. குட்டையான தொட்டியில் வளர்ந்த ஏஞ்சலின் துடுப்பு மேலும் கீழும் இடிக்கும். ஓரினோகோ ஆற்றிலிருந்து வரும் ஆல்ட்டம் ஏஞ்சல் இன்னும் உயரம். ஆனால் அதற்கு மென்மையான, அமிலத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும், கொஞ்சம் நாசூக்கான மீனும்கூட. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அது வேண்டாம்.

எனவே என் கட்சி இதுதான்: உயரத் தொட்டிக்கு முதலில் நடுநாயகமாக ஒரு மீனை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதோடு ஒத்துப்போகுமா என்று பார்த்துச் சேர்க்கவேண்டியவை. எந்தத் தட்டு காலியாக இருக்கிறது என்று பார்த்து நிரப்பாதீர்கள்.

ஏஞ்சல் என்று முடிவானதும் பலரும் அடுத்து வாங்குவது நியான் டெட்ரா. பச்சைச் செடிக்கு முன்னால் நீலமும் சிவப்பும் மின்னினால் யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் நியான் முழுதாக வளர்ந்தாலே மூன்று, மூன்றரை செ.மீ.தான், உடம்பும் ஒல்லி. ஏஞ்சலோ சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. வாய்க்குள் போவது எதுவானாலும் அதற்கு இரைதான். பகலில் எந்தச் சண்டையும் தெரியாது. விளக்கு அணைந்தபின் நியான்கள் நிறம் மங்கி, கலைந்து, செடியோரத்தில் அசையாமல் நிற்கும். ஏஞ்சல் துரத்தாது. துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்தபடி அருகே வரும். அப்புறம் ஒரே இழுப்பு. காலையில் எண்ணும்போதுதான் ஒன்று குறைவது தெரியும், உடலும் கிடைக்காது. "சின்ன வயதிலிருந்தே சேர்த்து வளர்த்தால் பழகிவிடும்" என்று சொல்வார்கள். சில தொட்டிகளில் அப்படி நடக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் பழகிவிடும் என்ற நம்பிக்கையில் உயிரை வாங்கிப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கூட்டமாக நீந்த ஏதாவது வேண்டும் என்றால் உடம்பு கொஞ்சம் அகலமான டெட்ராவைப் பாருங்கள். லெமன் டெட்ரா நல்ல தேர்வு. கடைத் தொட்டியில் வெளிறிப்போய்த் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். செடி வளர்ந்த தொட்டியில் சில வாரம் இருந்தால் மஞ்சள் ஏறி, கண்ணின் மேல்விளிம்பு சிவந்து, வேறு மீனோ என்று நினைக்கத் தோன்றும். டைமண்ட் டெட்ராவும் சேரும். ரம்மிநோஸ் டெட்ரா ஒல்லிதான், ஆனால் ஐந்து செ.மீ. வரை வளரும், வேகமானது, கூட்டத்தைவிட்டுப் பிரியாது. வளர்ந்த ரம்மிநோஸ் வாங்கினால் சமாளித்துக்கொள்ளும். எதுவானாலும் எட்டுக்குக் குறையவேண்டாம். வகைக்கு இரண்டு என்று வாங்கினால் கூட்டமும் சேராது, மீனுக்கு நிம்மதியும் இருக்காது.

டைகர் பார்ப் பக்கம் போகவே வேண்டாம். செர்ப்பே டெட்ராவும் அப்படியே. ஏஞ்சலின் தொங்கும் நூல்போன்ற துடுப்பு இவற்றுக்கு விளையாட்டுப் பொருள். கடித்துக் கடித்து, கடைசியில் ஏஞ்சல் ஒரு மூலையில் ஒண்டி நிற்கும்.

இப்போது எத்தனை ஏஞ்சல் என்ற கேள்வி. 60-க்கு 45 அடிப்பரப்பும் 60 உயரமும் உள்ள தொட்டி என்றால், ஏறத்தாழ 160 லிட்டர், ஒரு ஜோடி போதும். ஆணா பெண்ணா என்று குஞ்சில் கண்டுபிடிக்க முடியாது என்பதால் ஐந்தாறு குஞ்சுகள் வாங்கி, தானாக ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். கொடுக்க இடமில்லை என்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஜோடி சேர்ந்தபின் அந்தத் தொட்டியில் மற்ற ஏஞ்சல்களுக்கு வாழ்வு கிடையாது.

முட்டையிடும்போது ஒருமுறை நின்று பாருங்கள். மூன்று தட்டுக் கணக்கு அங்கே தவிடுபொடியாகிவிடும். அமேசான் ஸ்வார்ட் செடியின் அகலமான ஓர் இலையைத் தேர்ந்து, இரண்டும் மாறிமாறி வாயால் தேய்த்துச் சுத்தம் செய்யும். பெண் இலையை ஒட்டிக் கீழிருந்து மேலே ஊர்ந்து வரிசையாக முட்டை ஒட்டும், ஆண் பின்னாலேயே அதே பாதையில் போகும். அதற்குப் பிறகு இரண்டும் காவல். அந்த இலை நடுத்தட்டில்தான் இருக்கிறது. ஆனால் மேலே இருக்கும் மீனும் கீழே இருக்கும் மீனும் சேர்ந்து எதிர்மூலைக்குத் துரத்தப்படும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரிந்த பிறகும் அப்படித்தான். மீன் வைத்துக்கொள்ளும் எல்லை பக்கவாட்டில் மட்டும் கிடையாது, மேலும் கீழும் சேர்த்துத்தான். அகலம் குறைந்த தொட்டியில் ஒதுங்க இடமே இல்லாமல் போய்விடும்.

அடித்தட்டுக்கு வருவோம். அடியில் மேயும் சின்னக் கெளுத்தி வகையான கோரிடோரஸ் எனக்குப் பிடித்த மீன், ஏஞ்சலோடும் ஒத்துப்போகும். அதிலும் ஸ்டெர்பாய் வகை ஏஞ்சலுக்கு ஏற்ற 26, 27 டிகிரி வெப்பத்தைத் தாங்கும். ஆனால் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கோரிடோரஸ் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கும், குடல் வழியாக ஆக்சிஜன் எடுக்கும். 30 செ.மீ. உயரத்தில் அது ஒரு துள்ளல். 60 செ.மீ. என்றால் ஒவ்வொரு தடவையும் நெடும் ஓட்டம், வழியில் ஏஞ்சல் வேறு. ஆரோக்கியமான மீன் சமாளிக்கும். 75, 80 செ.மீ. உயரம் என்றால் நான் விடமாட்டேன். தீனி விஷயமும் இருக்கிறது. மேலே தூவியது கீழே வருவதற்குள் வழியிலேயே தீர்ந்துவிடும். மிச்சத்தைக் கோரிடோரஸ் தின்னட்டும் என்று விட்டால் அது பட்டினிதான் கிடக்கும். விளக்கை அணைத்தபின் அமிழும் குளிகையைத் தனியாகப் போடவேண்டும். தரைக்கு மெல்லிய மணல் நல்லது, கூர்மையான கற்களில் அதன் மீசை தேய்ந்துபோகும்.

தட்டைப் பிரிப்பது செடிதான் என்று நான் நினைக்கிறேன். நாடாபோல நீண்ட இலையுள்ள வாலிஸ்னேரியா தரையிலிருந்து மேற்பரப்புவரை எழும்பி, அங்கே படுத்து ஓடும். பின்புறத்தில் அது ஒரு திரை கட்டினால், துரத்தப்படும் மீனுக்கு மறைய இடம் கிடைக்கும். அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் உயரமான மரக்கட்டையில் நடுவாக்கில் கட்டிவிடுங்கள். கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகும், கட்டையில் இருந்தால்தான் நன்றாக வரும். அடியில் கம்பளம்போலப் படரும் செடி வேண்டும் என்று ஆசைப்பட்டால் யோசியுங்கள். ஆழம் கூடக் கூட ஒளி குறையும். அடிக்கு எட்டும் அளவு விளக்கைக் கூட்டினால் மேலே இருக்கும் இலையெல்லாம் பாசி பிடிக்கும். குறைந்த ஒளியில் பிழைக்கும் கிரிப்டோகொரைன் போதுமே. இலையைக் கத்தரிக்கத் தோள்வரை கையை விட்டு நனைகிறவர்களுக்கு இந்தச் சிக்கனத்தின் அருமை தெரியும்.

ஏஞ்சலே வேண்டாம் என்பவர்களுக்கு முத்துக் கௌராமி. 12 செ.மீ. வரை வரும், சாது, மேற்பரப்பில் வந்து காற்றை நேரடியாக உறிஞ்சும். அதோடு ஹார்லெக்வின் ரஸ்போரா கூட்டம் ஒன்று சேர்த்தால் தொட்டி அமைதியாகவும் அழகாகவும் இருக்கும். சிறிய தொட்டிக்குத் தேன் கௌராமி. டிஸ்கஸ் 28 டிகிரிக்கு மேல் சூடு கேட்கும், அந்தச் சூட்டில் பல செடிகள் சோர்ந்துபோகும். செடி முக்கியம் என்றால் டிஸ்கஸ் வேண்டாம்.

பாசி தின்ன என்று விற்கப்படுவதில் சைனீஸ் ஆல்கே ஈட்டரைத் தவிர்த்துவிடுங்கள். வளர்ந்ததும் பாசியை மறந்து, தட்டையான மீன்களின் உடம்பில் ஒட்டி அதன் வழுவழுப்பைச் சுரண்டும். ஏஞ்சலுக்கு இதைவிட மோசமான துணை கிடையாது. சாதாரணப் பிளெக்கோ ஓர் அடிக்கு மேல் வளரும். பிரிஸ்டில்நோஸ் என்ற சின்னப் பிளெக்கோ வகை ஒன்று போதும்.

எப்போதும் வருகிற கேள்வி: "உயரத் தொட்டியில் பெட்டா என்ற சண்டை மீனை விடலாமா?" நீண்ட துடுப்புள்ள ஆண் பெட்டா காற்றுக்காக மேலே வந்தே ஆகவேண்டும். அந்தத் துடுப்பை இழுத்துக்கொண்டு 60 செ.மீ. ஏறி இறங்குவது அதற்குப் பெரிய வேலை, நீரோட்டம் இருந்தால் இன்னும் கஷ்டம். விட்டே தீரவேண்டும் என்றால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அகலமான அனூபியாஸ் இலையைப் படுக்கவைத்ததுபோல அமைத்துக் கொடுங்கள், அதன்மேல்தான் பாதி நாள் படுத்துக் கிடக்கும். ஏஞ்சலோடு மட்டும் சேர்க்காதீர்கள்.