கிண்ணம் காலியாகணும்னு என்ன கட்டாயம்?

ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்ட பிள்ளை இப்போ வாயைத் திறக்கவே மாட்டேங்குதுன்னு வீட்டுக்கு வீடு புலம்பல். அதுக்குக் கிடைச்ச கைவைத்தியம் செல்போன். ஓட்டல், கல்யாண மண்டபம், ரயில், எங்கே பார்த்தாலும் இதே காட்சிதான். பிள்ளையோட கண்ணு திரையில நிக்குது, வாய் தானாத் திறக்குது, பருப்பு சாதம் உள்ள போகுது. எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்லை.

மூணு கிலோவுல பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள்ள ஒன்பது கிலோவைத் தொட்டுடும். ரெண்டாம் வருஷம் முழுக்கச் சேர்ந்தாலும் கூடுறது சுமார் ரெண்டு, ரெண்டரை கிலோதான். வளர்ற வேகம் குறையும்போது பசியும் குறையத்தானே செய்யும்?

வயிறு விரியுற சேதி வேகஸ் நரம்பு வழியா மூளைக்குப் போகும். சாப்பாடு சிறுகுடலுக்கு இறங்கினதும் கோலிசிஸ்டோகைனின் மாதிரி ஹார்மோன்கள் சுரந்து 'போதும்'னு சொல்லும். இதுக்கெல்லாம் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பேச வராத பிள்ளை அந்தப் 'போதும்'ங்கிறதை முகத்தைத் திருப்பிச் சொல்லும், கரண்டியைத் தட்டிவிடும், கடைசி வாயைக் கன்னத்துல ஒதுக்கிட்டு விழுங்காம உக்காந்திருக்கும். நாம அடம்னு முடிவு பண்ணி அடுத்த வீடியோவைப் போடுறோம்.

1991-ல அமெரிக்காவுல லியன் பர்ச்ங்கிற ஆய்வாளரோட குழுவினர் 2 முதல் 5 வயசு வரைக்குமான 15 குழந்தைகள் 6 நாள் என்ன சாப்பிட்டாங்கன்னு அளந்தாங்க. சின்ன ஆய்வுதான், ஆனா கவனிக்க வேண்டியது. வேளைக்கு வேளை ஏகப்பட்ட ஏற்ற இறக்கம். நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தா பெரிய மாற்றமில்லை. ஒரு வேளை கொறிச்சா அடுத்த வேளையில பிள்ளைங்களே சரிக்கட்டிக்கிட்டாங்க. என்ன கொடுக்கணும், எப்போ கொடுக்கணும்ங்கிறது நம்ம பொறுப்பு. எவ்வளவுங்கிறதைப் பிள்ளைகிட்ட விட்டா என்னவாம்?

அம்மாக்களைக் குறை சொல்லி இதை எழுதலை. வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் வாசல்லயே ஆரம்பிச்சுடுறாங்க: "என்ன, பிள்ளை இப்படி இளைச்சுப் போச்சு? சோறு ஊட்டுறதில்லையா?" அந்த வாய்க்குப் பயந்துதான் பாதி வீட்டுல போன் வெளியே வருது.

எடை ஏறாம நின்னாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ டாக்டர்கிட்டதான் போகணும், அது வேற விஷயம். வளர்ச்சிக் கோடு ஒழுங்கா மேல போயிட்டிருக்குன்னா, அடுத்து யாராவது கேட்கும்போது அங்கன்வாடியில எடை போட்ட அட்டையை அவங்க கையில கொடுங்க.