மீசைக்காரனைத் தேடி

(மலேசியா, கேமரன் மலையடிவாரத்துத் தாப்பா. ஞாயிறு மத்தியானம். அக்காவின் ரொட்டி சானாய் கடை. முத்து ஆர்மி சட்டையும் கழுத்தில் பைனாகுலருமாக வந்து உட்காருகிறான்.)

அக்கா: என்ன தம்பி, கம்யூனிஸ்டு காலம் திரும்பி வந்துருச்சா?

முத்து: கேமரன் மலையில ரிங்லெட்டுக்குப் பறவை பார்க்கப் போயிட்டு வர்றேன்கா. தே ஓ ஒண்ணு, சீனி கம்மி.

அக்கா: அதுக்கு மலை ஏறணுமா? என் கடைக் கூரையில தினமும் மைனா எச்சம் போடுது. பாரு, காசு வேணாம்.

முத்து: அங்க பெரிய அணைக்கட்டு இருக்குலா. சுல்தான் அபு பக்கார் அணை. அந்த ஏரித் தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கத்துல இறங்கி வந்து, ஜோர் மின் நிலையத்துல கரண்டா மாறுது. 1963-லேர்ந்து.

அக்கா: ஓ, என் கரண்டு பில்லு அங்கேர்ந்துதான் இறங்கி வருதா! சரி, ஏரியில என்ன பார்த்தே?

முத்து: மஞ்சள் கலரு. நீளக் கழுத்து. தண்ணியில குனிஞ்சு குனிஞ்சு எடுத்துச்சு.

அக்கா: கொக்கா?

முத்து: மண்ணு அள்ளுற மிஷினு. மேல இருக்கிற காய்கறித் தோட்டத்து மண்ணு மழைக்குக் கரைஞ்சு வந்து ஏரியை மேடாக்குது. அள்ள அள்ள வருது.

அக்கா: அப்ப பைன் காட்டுப் பக்கமாவது போறது.

முத்து: போனேனே. நல்ல குளிரு, நல்ல வாசம், ஒரு ரெக்கைகூட இல்ல. பைன் நம்ம மலாயா மண்ணுல தானா முளைச்ச மரமில்லக்கா. வெளியேர்ந்து கொண்டாந்து நட்டது. பூச்சி, பழம் கம்மி. குருவி எதைத் தின்னும்?

அக்கா: நம்ம தாத்தாவையும் கப்பல்ல கொண்டாந்துதான் நட்டான். நம்மகிட்ட மட்டும் ஊரே சாப்பிட வருது.

முத்து: அதான் பழைய காட்டு ஓரமா நின்னேன். ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. திடீர்னு இலையெல்லாம் ஆடுது! காதுல வெள்ளி, கழுத்துல ஆரஞ்சு வெச்சது ஒண்ணு, நீளவால் ஒண்ணு, தலைகீழாத் தொங்குறது ஒண்ணு. மலையில அப்படித்தான். பல சாதிக் குருவி ஒரே கூட்டமா இரை தேடும். பருந்து வந்தா எதாவது ஒண்ணு கத்தும், எல்லாம் தப்பிச்சிரும்.

அக்கா: சாதி பார்க்காம ஒண்ணாச் சாப்பிடுதா? தம்பி, நம்ம கோயில் கமிட்டியை ஒரு பஸ் பிடிச்சு அங்க கூட்டிட்டுப் போலா.

முத்து: ஆனா நான் தேடிப் போனது மீசைக்காரனை.

அக்கா: யாரு, உன் மாமனாரா?

முத்து: குக்குறுவான்கா. பச்சை உடம்பு, அலகுக்கு மேல தீக்கலர்ல மீசை. இந்தத் தீபகற்பத்து மலையும் சுமாத்ராவும் விட்டா வேற எங்கயும் கிடையாது.

அக்கா: பார்த்தியா?

முத்து: கேட்டேன். அது சில்வண்டு கத்துற மாதிரியே கத்தும். மரத்துல நிஜ சில்வண்டும் கத்துது. இது எது, அது எதுன்னு பிரிக்கிறதுக்குள்ள பனி வந்து மரத்தையே மறைச்சிருச்சு.

அக்கா: ஆக, பெட்ரோல் போட்டுப் போய் வண்டு சத்தம் கேட்டிருக்கே. உங்க செம்பனைத் தோட்டத்துல எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி அடிச்சு வெச்சிருந்தானுங்களே, அதைப் பார்த்தாப் போதாதா?

முத்து: அதைப் பத்திப் பேசாதீங்க! ஆந்தைப் பெட்டி ஒழுகினா மறுநாளே புதுசு. என் லயத்து வீட்டுக் கூரைக்கு மனு மேல மனு எழுதினேன், ஆபிஸ் கிராணி திரும்பிக்கூடப் பார்க்கல.

அக்கா: அது ராத்திரியில எலி பிடிச்சுது. நீ சீட்டுல்ல பிடிச்சே?

முத்து: ...அடுத்த வாரமும் போறேன்கா. மீசையைப் பார்க்காம விடமாட்டேன்.

அக்கா: போ, போ. வரும்போது ரிங்லெட்ல நாலு கோபீஸ் (முட்டைக்கோஸ்) வாங்கிட்டு வா. மேல விலை மலிவு.

முத்து: அந்தக் கோபீஸ் தோட்டத்து மண்ணுதான்கா ஏரியில...

அக்கா: அப்ப ஏரியிலயே கழுவி எடுத்துட்டு வா.